மெழுகில் அமர்ந்தவர்களும் மண்ணில் மறைந்தவர்களும்

சிங்கப்பூரின் தென்கரைக்கு எதிரே, கூப்பிடு தொலைவில் கிடக்கும் செந்தோசாத் தீவுக்கு இன்று செல்வோர் பெரும்பாலும் கடற்கரை மணலையும் கேளிக்கைக் கூடங்களையும் நாடியே செல்கின்றனர். அத்தீவின் மேற்கு முனையில் சிலோசோ என்னும் பழைய கோட்டை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் துறைமுகத்தின் காவலுக்காக எழுப்பிய அக்கோட்டைக்குள், இந்நாட்டின் தலைவிதியை இருமுறை மாற்றிய இரு சரணாகதிகளை மெழுகுருவங்களால் காட்டும் சிறு காட்சிக்கூடம் ஒன்று இருக்கின்றது. இலண்டன் மாநகரத்துப் பெருங்காட்சியகத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்கும் ஆகாது. ஆயினும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு அச்சிறு கூடம் எழுப்பும் வினாக்கள் பெரியவை.

நான் அம்மெழுகுருவங்களை முதன்முதலிற் கண்டது 1978இல். அப்பொழுது தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். பாபர் குன்றிலிருந்து கம்பிவட வண்டி ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதில் ஏறுவதே எங்களுக்கு ஒரு திருவிழா. அந்நாளில் தீவுக்கும் புதுப்பெயர்தான். 'பூலாவ் பிளாக்காங் மாத்தி' என்பது அதன் பழைய பெயர். பின்புறத்தே இறப்பு நிற்கும் தீவு என்பது போன்ற பொருள் தருவது. இப்பெயர் வந்த காரணத்தைக் கடற்கொள்ளையரோடும் கொடுநோயோடும் தொடர்புபடுத்திப் பலவாறு கூறுவர். 1942 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஜப்பானியர் சீன ஆடவரைக் களையெடுத்துச் சுட்டுக் கடலில் தள்ளியபோது, ஏறத்தாழ 300 உடல்கள் இத்தீவின் கரையில் ஒதுங்கின என்பதும், சரணடைந்து சிறை செல்லக் காத்திருந்த பீரங்கிப் படையினர் அவற்றை இங்கேயே புதைத்தனர் என்பதும் வரலாறு. பழைய பெயர் அவ்வாறு மெய்யாயிற்று. 1970களின் தொடக்கத்தில் தீவை உல்லாசத் தலமாக்க முனைந்தபோது அமைதி எனப் பொருள்படும் 'செந்தோசா' என்னும் மலாய்ச் சொல்லைச் சூட்டினர். அது வடமொழிச் சந்தோஷத்தின் வழிவந்தது. ஆகவே தமிழ்ப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அப்பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் கண்ட காட்சி 1945 செப்டம்பர் 12ஆம் நாள் நடந்தது. சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில், பிற்காலத்தில் நகர மண்டபம் என வழங்கிய அதே கட்டடத்தில், தென்கிழக்காசியாவில் இருந்த ஜப்பானியப் படைகள் அனைத்தும் நேச நாடுகளிடம் சரணடைந்த காட்சி. ஒருபுறம் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபுவும் அவர்தம் துணைவர்களும். எதிர்புறம் தலை கவிழ்ந்த ஜப்பானியத் தளபதிகள். பதக்கங்களும் பட்டைகளும் தோளணிகளும் விளக்கொளியில் மின்னின. விரல் நகங்கள்கூட மெய்யானவை போலிருந்தன. என் வகுப்புத் தோழன் ஒருவன், கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு தளபதியின் கன்னத்தைத் தொட முயன்று ஆசிரியரிடம் குட்டு வாங்கினான். குளிரூட்டப்பட்ட அவ்வறையில், பேசாமல் இமைக்காமல் அமர்ந்திருந்த அம்மனிதர்களைக் கண்டு உள்ளூர அஞ்சியது இன்னும் நினைவில் இருக்கின்றது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கண்டதையெல்லாம் பாட்டியிடம் ஒப்பித்தேன். பாட்டி ஜொகூரில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, பால் மரம் வெட்டி, போருக்குப் பின் சிங்கப்பூருக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வெற்றிலையை மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் நிறுத்தியதும் ஒன்று கேட்டார்:

"ஜப்பான்காரன் காலத்து ஆளுங்களையெல்லாம் செஞ்சு வச்சிருக்காங்கன்னு சொல்றியே, எங்க அண்ணனையும் வச்சிருக்காங்களா சாமி?"

நான் சிரித்துவிட்டேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் வேறென்ன செய்வான்? பாட்டியும் என்னோடு சேர்ந்து சிரித்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதையே அன்றுதான் அறிந்தேன். அவர் 1943இல் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் என்பதை என் தாயார் பின்னர்க் கூறினார்.

மெழுகுருவம் செய்யும் முறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பாட்டியின் வினாவுக்கு விடை அங்கேதான் இருக்கின்றது. மெழுகுச் சிற்பி முதலில் தேடுவது ஒளிப்படங்களை. முன்புறம், பக்கவாட்டு, சிரித்தவாறு, சினந்தவாறு எனப் பலவாறு எடுத்த படங்கள் வேண்டும். ஆள் உயிருடன் இருந்தால் அளவெடுத்துக்கொள்வான். பின்னர்க் களிமண்ணில் தலையை வடித்து, அதற்கு அச்செடுத்து, அச்சில் மெழுகை வார்ப்பான். கண்ணாடியாலான விழிகளைப் பொருத்தி, தலைமயிரை ஊசியால் ஒவ்வோர் இழையாகச் செருகி, தோலின் நிறத்தைப் பல பூச்சுகளில் தீட்டுவான். உடைக்குள் மறையும் உடலுக்கு மெழுகு தேவையில்லை. வேறு பொருளே போதும். அத்தனைக்கும் அடிப்படை முகம். முகத்துக்கு அடிப்படை படம். படம் இல்லாதவனுக்கு மெழுகில் இடமில்லை.

மெழுகில் உருச்செய்தல் தமிழருக்குப் புதிதன்று. சுவாமிமலையில் ஐம்பொன் திருமேனி வார்க்கும் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருக்கி, முதலில் மெழுகிலேயே திருமேனியை முழுமையாகச் செய்கின்றனர். அதன்மீது காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். அங்கே மெழுகு மறைவதற்கென்றே செய்யப்படுகின்றது, நிலைப்பது பொன். மேனாட்டார் அம்மெழுகையே நிலைக்க வைக்க முயன்றனர். வெப்ப நாட்டில் அதற்குக் குளிர்சாதனத்தின் துணை வேண்டியிருக்கின்றது.

காலப்போக்கில் செந்தோசாவின் மெழுகுக் காட்சியகம் விரிந்தது. நாட்டின் முன்னோடிகளையும் பல்லினத்தார் வாழ்வையும் காட்டும் பகுதிகள் சேர்ந்தன; பெயர்கள் மாறின. அது இயங்கிவந்த பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் 2014இல் இலண்டன் காட்சியகத்தின் கிளை ஒன்று வந்து சேர்ந்தது. இப்பொழுது அங்கே திரைப்பட நடிகர்களோடும் விளையாட்டு வீரர்களோடும் தோள்மேல் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். சரணாகதிக் காட்சிகள் சிலோசோ கோட்டைக்கு மாற்றப்பட்டன. அக்கோட்டை 2022 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்த 80ஆம் ஆண்டு நிறைவன்று, தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் திறக்கப்பட்ட உயர்நடைபாலம் ஒன்று, பதினொரு மாடி உயரத்தில் மரங்களின் உச்சிகளுக்கு மேலாக 181 மீட்டர் நீண்டு கோட்டை வரை செல்கின்றது. நுழைவுக் கட்டணம் இல்லை.

பணி ஓய்வு நெருங்கிய நிலையில், கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில், உயர்நிலை மாணாக்கர் இருபது பேரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். ஆளுக்கொரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். மெழுகுருவங்களைப் பார்த்துப் பெயர், நாடு, பதவி என்னும் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இவ்வளவு ஆண்டு அனுபவத்திற்குப் பிறகும் ஆசிரியர்களாகிய நமக்குக் கட்டம் போடாமல் கற்பிக்கத் தெரிவதில்லை.

முதற்காட்சி 1942 பிப்ரவரி 15. ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாளும் அதுவே. புக்கிட் தீமாவில் இருந்த போர்டு மோட்டார் தொழிற்சாலையில், மேசையின் ஒருபுறம் பெருத்த உடலினரான யமாஷித்தா. எதிரே அரைக்காற்சட்டை அணிந்த மெலிந்த பெர்சிவல். அன்றிரவு எட்டரை மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சிங்கப்பூர் 'சியோனான்' ஆயிற்று. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரம் காட்டின. இக்காட்சியை ஜப்பானிய ஓவியர் மியாமோத்தோ சபுரோ அந்நாளிலேயே பேரோவியமாகத் தீட்டினார். செய்திப்படச் சுருளிலும் அது பதிவாயிற்று. கையொப்பமிட்ட மேசை இப்பொழுது ஆஸ்திரேலியாவின் கான்பராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றது. மேசைக்குக்கூட இத்தனை வரலாறு!

இருவருடைய பிற்கதையையும் மாணாக்கருக்குச் சொன்னேன். மூன்றரை ஆண்டு சிறையிலிருந்த பெர்சிவல், 1945 செப்டம்பர் 2ஆம் நாள் தோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது உடனிருந்தார். மறுநாளே பிலிப்பீன்சில் யமாஷித்தா சரணடைவதையும் நேரிற் கண்டார். யமாஷித்தா 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். மாணாக்கர் இவற்றை ஆவலோடு கேட்டனர். வென்றவன் தோற்பதும் தோற்றவன் அதைக் காண்பதும் கூத்துக்கு உரிய கதைகளன்றோ!

பெர்சிவலோடு சென்றவர்களுள் சிரில் வைல்ட் என்றொரு மேஜர் இருந்தார். ஜப்பானிய மொழி அறிந்தவர்; அன்று வெள்ளைக்கொடி ஏந்தியவர் அவரே. கூட்டத்தோடு கூட்டமாகத் தோன்றும் இவ்வலுவலரின் பிற்கதையை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. 1943 ஏப்ரலில் சாங்கிச் சிறை முகாமிலிருந்து ஏறத்தாழ 7,000 கைதிகள் சயாமுக்கு அனுப்பப்பட்டனர். மொழிபெயர்ப்பாளராக வைல்டும் அவர்களோடு சென்றார். பர்மா எல்லையை ஒட்டிய சொங்குராய் முதலிய முகாம்களில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் அவர்களுள் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். வைல்ட் உயிர்தப்பி வந்து போர்க்குற்ற விசாரணையில் ஈடுபட்டார். 1946 செப்டம்பரில் ஹாங்காங்கில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். மெழுகுக் காட்சியில் உள்ள மேசையிலிருந்து மரண இரயில் பாதைக்கு ஒரு வழி இவ்வாறு செல்கின்றது.

அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, மலையையும் காட்டையும் வெட்டி, 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்களை இணைத்தனர். நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். உலகம் அறிந்த கணக்கு இது. ஆசியத் தொழிலாளரோ 180,000 பேருக்கும் அதிகம். பர்மியர், சாவகர், சீனர், மலாய்க்காரர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களின் தமிழரும் அவர்களுள் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 80,000 என்பாரும் 100,000 என்பாரும் உளர். இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள 20,000 மனிதர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இருந்தார்களா, இறந்தார்களா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு அவர்களுடைய கணக்கு எழுதப்பட்டிருக்கின்றது.

இதற்குக் காரணம் உண்டு. போர்க்கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர், பெயர்ப்பட்டியல் இருந்தது. மாண்டவனின் பெயர், எண், நாள், புதைத்த இடம் ஆகியவற்றை மறைவாகக் குறித்து, அக்குறிப்புகளைக் குழிகளிலும் புதைத்துக் காத்தனர். போர் முடிந்ததும் தோண்டியெடுத்து, ஒவ்வொரு கல்லறைக்கும் பெயர் பொறித்தனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தொழிலாளியோ கிராணியின் பேரேட்டில் பெரட்டுக்கு ஒரு கோடாக இருந்தவன். தோட்டத்தை விட்டுப் புறப்பட்டதும் அந்தக் கோடும் இல்லாமற் போயிற்று. காட்டு முகாமில் அவனுக்குப் பட்டியல் எழுத எவரும் இல்லை. வாந்திபேதி கண்ட குடிசையைப் பிணங்களோடு சேர்த்து எரித்த செய்திகளை மீண்டு வந்தோர் கூறியிருக்கின்றனர். எரிந்த குடிசைக்குக் கல்லறை எங்கே?

பாட்டியின் அண்ணனுக்கு அப்பொழுது பத்தொன்பது வயதாம். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம் என்று சொல்லி ஆள் சேர்த்தனர். கித்தா விலைபோகாமல், பால்வெட்டு நின்று, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலம். ஒரு வெள்ளி என்பது பெருந்தொகை. பின்னர் விருப்பத்தோடு வருவார் குறைந்ததும், இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவடைத்து ஆள்பிடித்த இடங்களும் உண்டு என்பர். பாட்டியின் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை. அண்ணன் தானாகவே பெயர் கொடுத்தார். தங்கைக்கு ஒரு சேலையும் தோடும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் சரக்கு வண்டியில் ஏறினார். அவ்வளவே எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் வரலாறு. கடிதமில்லை, படமில்லை. படம் எடுப்பது நகரத்துக்காரர் வழக்கம். அண்ணனின் முகம் எப்படி இருக்கும் என்று பிற்காலத்தில் கேட்டபோது பாட்டி நெடுநேரம் யோசித்து, "எங்க அப்பா மாதிரியே இருக்கும்" என்றார். அந்த அப்பாவுக்கும் படம் கிடையாது.

இரண்டாம் காட்சிக்கு வந்தோம். 1978இல் நான் கண்ட அதே சரணாகதி. சரணாகதிப் பத்திரத்தில் ஜப்பானின் சார்பில் கையொப்பமிட்டவர் ஜெனரல் இட்டகாக்கி. உண்மையில் வந்திருக்க வேண்டியவர் தென்படைகளின் தலைவர் பீல்டு மார்ஷல் தெராவுச்சி. அவர் பக்கவாத நோயால் சைகோனில் படுத்திருந்தார். மரண இரயில் பாதை போடப்பட்டது அவருடைய படைத்தலைமையின் கீழ்த்தான். மெழுகில் இல்லாத அவர் மண்ணில் இருக்கின்றார். போருக்குப் பின் ஜொகூரின் ரெங்கம் முகாமில் காவலில் வைக்கப்பட்டு, 1946 ஜூனில் இறந்தார். சிங்கப்பூரின் ஜப்பானியக் கல்லறைப் பூங்காவில் அவருக்கு நினைவுக்கல் நிற்கின்றது. ரெங்கம், பாட்டியின் தோட்டம் இருந்த அதே குளுவாங் வட்டாரத்தில் உள்ள ஊர். ஆணையிட்டவர் அங்கே வந்து இறந்தார். அங்கிருந்து போனவர் எங்கே இறந்தார் என்பது தெரியவில்லை.

காட்சியை நெடுநேரம் நோக்கி நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இந்தப் போரில் நம்மவர் யாரும் இல்லையா?"

அவ்வினாவுக்கு எளிதில் விடை கூறலாம். அன்று நகராண்மைக் கட்டடத்தில் இந்தியப் படையின் சார்பில் பிரிகேடியர் திம்மய்யா இருந்தார் என்று சொன்னேன். 1942இல் பெர்சிவலின் படையில் சரணடைந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் ஏறத்தாழ 40,000 பேர் பிப்ரவரி 17ஆம் நாள், நம் சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள பேரர் பூங்காத் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 1943 அக்டோபர் 21இல் கத்தே திரையரங்கில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் புரிந்த டாக்டர் இலட்சுமி. தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர். 1945 ஜூலை 8இல் கடற்கரைத் திடலருகே நேதாஜி அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, அதே ஆண்டு செப்டம்பரில், இதோ மெழுகில் அமர்ந்திருக்கும் மவுண்ட்பேட்டனே தகர்க்கச் செய்தார். சரணாகதி நடந்த கட்டடத்திலிருந்து அவ்விடம் நடக்கும் தொலைவுதான். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. 1995இல் அவ்விடத்தில் அடையாளப் பலகை நாட்டப்பட்டது.

மாணவர் சிலர் நிமிர்ந்து நின்றனர். எனக்கும் பெருமைதான். ஆயினும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனத்தில் ஒன்று உறுத்தியது. நேதாஜிக்கு ஒளிப்படங்கள் உண்டு, இலட்சுமிக்கு உண்டு, திம்மய்யாவுக்கு உண்டு. நாளை யாரேனும் விரும்பினால் அவர்களை மெழுகில் வார்த்து இவ்வறையில் அமர்த்திவிடலாம். அப்படி அமர்த்தினாலும் பாட்டி கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. அந்த மாணவியின் வினாவை நான் பெரியவர்களைக் கொண்டே நிரப்பிவிட்டேன். மெழுகுச் சிற்பி செய்த அதே பிழையை ஆசிரியனாகிய நானும் செய்தேன்.

முகம் தெரியாதவனை நினைவிற்கொள்ள நம் முன்னோருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் கூறும். வகுப்பில் எத்தனையோ முறை அதை நடத்தியிருக்கிறேன். அக்கல்லில் முகச்சாயல் தேடுவாரில்லை. பெயரும் அவன் செய்த செயலும் போதும். காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் என்னும் புத்தர் கோவிலில் ஆசியத் தொழிலாளரின் எலும்புகளின்மேல் எழுப்பிய தூபி ஒன்று உள்ளது. அங்கே 2023இல் தமிழர் அமைப்புகள் நடுகல் ஒன்றை நாட்டின. சங்க காலத்துக்கு உரியதென்று நாம் தேர்வுக்கு மட்டும் படித்த ஒன்று, சயாமில் இரயில் பாதை போட்டு மாண்டவனுக்காக மீண்டும் எழுந்திருக்கின்றது. மலேசிய எழுத்தாளர்களும் வாளாவிருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் அத்தொழிலாளரைக் கதைமாந்தராக்கியது. நம் வரலாற்றுப் பாடவேளையில் தளபதிகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அந்நூலுக்கு ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

கூடத்தை விட்டு வெளியே வந்து, மாமர நிழல் போன்றதொரு பெருமர நிழலில் அமர்ந்தோம். பழைய பீரங்கிகள் கடலை நோக்கிக் கிடந்தன. இப்பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கியிருந்தமையால் நாடு வீழ்ந்தது என்பர் சிலர். அது முழு உண்மையன்று. சிலோசோவின் பீரங்கிகள் நிலப்புறமும் திருப்பிச் சுடப்பட்டன. அதை விளக்கிய பின், பாட்டியின் அண்ணனைப் பற்றி மாணாக்கரிடம் முதன்முறையாகச் சொன்னேன். அதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்லக் கூச்சம். வீட்டுக் கதையை வரலாறு என்று சொல்ல அதனினும் கூச்சம். அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டனர். ஒருவன், தன் கொள்ளுத்தாத்தாவின் தம்பியும் அப்படிப் போனவர்தாம் என்று தன் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பதாகக் கூறினான். அவர் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்பதாகச் சொன்னான்.

வினாத்தொடுத்த மாணவி தன் பயிற்சித்தாளை எடுத்தாள். பெர்சிவல், யமாஷித்தா, மவுண்ட்பேட்டன், இட்டகாக்கி எனப் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது.

"ஐயா, அவர் பெயர் என்ன?"

சொன்னேன். அது வீட்டில் அழைத்த பெயர். பேரேட்டில் என்ன பெயர் இருந்ததோ அறியேன். அழகிய கையெழுத்தில் எழுதினாள்.

"பதவி?"

"பால் மரம் வெட்டியவர்."

அதையும் எழுதினாள். பிறகு நடுவிலிருந்த கட்டத்தில் எழுதுகோலை வைத்து, "நாடு, ஐயா?" என்றாள்.

அவர் பிறந்தது தமிழ்நாட்டில். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். வளர்ந்தது மலாயாவில். இறந்தது சயாமிலோ பர்மாவிலோ. அப்பொழுது அவரை ஆண்டது ஜப்பான். அதற்கு முன் ஆண்டது பிரிட்டன். நான் எண்ணிக்கொண்டிருக்கையில் எங்கள் பேருந்து வந்துவிட்டது. அவள் அக்கட்டத்தை அப்படியே விட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.